ரோட்டா சொட்டு மருந்து, வாந்திபேதி: உங்கள் கேள்விகளுக்கு ஒரு செவிலியரின் பதில்கள்

வடசென்னையில் மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் தடுப்பூசிப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

சிஸ்டர், என் பையனுக்கு ரோட்டா சொட்டு மூணு தவணையும் போட்டாச்சு. பத்தாவது மாசத்துல மூணு நாள் வயிறு போச்சு. அப்போ மருந்து வேலை செய்யலையா? (வியாசர்பாடி)

அப்படி நினைத்துவிடாதேம்மா. வயிற்றைக் கெடுக்கும் வைரஸ் ஒன்று இரண்டு இல்லை. ரோட்டா, நோரோ, அடினோவில் 40, 41 ஆகிய இரண்டு வகைகள், ஆஸ்ட்ரோ என்று பல உண்டு. பாக்டீரியா தனி. நம் சொட்டு மருந்து ரோட்டாவை மட்டும்தான் பார்த்துக்கொள்ளும். அதிலும் அதன் முக்கிய வேலை, குழந்தை துவண்டு போய் ட்ரிப்ஸ் ஏற்றும் நிலைக்குப் போகாமல் காப்பது. நம் நாட்டிலேயே உருவான ரோட்டாவாக் என்ற சொட்டு மருந்தின் ஆய்வில், முதல் வயதில் கடுமையான ரோட்டா பேதி பாதிக்கு மேல் குறைந்தது. நூற்றுக்கு நூறு இல்லைதான். ஆனால் ரோட்டா வார்டைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு அந்தப் பாதியின் அருமை தெரியும்.

அந்த மருந்து வந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். டெல்லி எய்ம்ஸில் பிறந்த சில குழந்தைகளின் குடலில் ரோட்டா இருந்தது, ஆனால் பேதி இல்லை. டாக்டர் எம்.கே.பான் குழு அந்தச் சாதுவான வைரஸைத்தான் பிடித்துக்கொண்டது. 116ஈ என்று பெயர். அதிலிருந்து வந்ததுதான் ரோட்டாவாக். அதைச் சோதித்த இடங்களில் நம் வேலூரும் ஒன்று. 2016-ல் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது, 2017-ல் தமிழ்நாட்டுக்கு வந்தது.

பேரனுக்கு வாந்தி நிக்கல. தொக்கம் எடுத்தா சரியாகும்னு பக்கத்து வீட்ல சொல்றாங்க. போகலாமா? (தாம்பரம், ஒரு பாட்டி)

வேண்டாம்மா. வாந்தி தொண்டையில் சிக்கிய சோற்றால் வரவில்லை. வைரஸ் சிறுகுடலின் உள்சுவரைத் தாக்குகிறது, தண்ணீரும் உப்பும் வெளியேறுகின்றன. தொக்கம் எடுக்க அலையும் நேரத்தில் குழந்தை இன்னும் வற்றிப்போகும்.

இப்போதே ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைப் பொடி) பாக்கெட்டைப் பிரியுங்கள். பெரிய பாக்கெட் முழுவதையும் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் கொட்ட வேண்டும். இங்கேதான் பல வீடுகளில் தப்பு நடக்கிறது: ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டு, மிச்சத்தை மடித்து டப்பாவில் வைத்துவிடுவார்கள். அளவு மாறினால் பயனில்லை, உப்பு கூடினால் ஆபத்து. குளுக்கோஸ்தான் குடலுக்குள் உப்பை இழுத்துப்போகும், உப்போடு தண்ணீரும் போகும். அந்தக் கணக்குக்குத்தான் ஒரு லிட்டர். கலக்கியது 24 மணி நேரம்தான் தாங்கும்.

பாட்டிலில் மடமடவென்று கொடுக்காதீர்கள். ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடியும் மெதுவாக. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. ஜிங்க் மாத்திரை 14 நாள் தர வேண்டும், அளவைச் சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

கண் குழிந்திருக்கிறதா, அழுதால் கண்ணீர் வரவில்லையா, ஆறு மணி நேரமாக மூத்திரம் போகவில்லையா, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத்தான் படிகிறதா, எதைக் கொடுத்தாலும் வாந்தியா, மலத்தில் ரத்தமா? ஒன்று இருந்தாலும் இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போங்கள்.

கடையில அட்டைப் பெட்டியில வர்ற பழ ருசி ஓஆர்எஸ் வாங்கலாமா?

கூடாது. அவற்றில் சர்க்கரை அதிகம், பேதி கூடிவிடும். பானங்களில் ஓஆர்எஸ் என்று பெயர் போடக்கூடாது என்று 2025 அக்டோபரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ உத்தரவே போட்டது. பொடிப் பாக்கெட் சுகாதார நிலையத்தில் இலவசம்.

வேளச்சேரியில ஒரு கல்யாணம். மறுநாள் ராத்திரி பெரியவங்க எல்லாருக்கும் வாந்தி. இதுக்குத் தடுப்பூசி உண்டா?

நோரோவாக இருக்கலாம். சாப்பிட்டு 12 முதல் 48 மணி நேரத்தில் பிடித்து, ஒன்று முதல் மூன்று நாளில் விட்டுவிடும். இதற்கு இன்னும் தடுப்பூசி வரவில்லை. வைரஸ் என்பதால் ஆன்டிபயாட்டிக்கும் கேட்காது. சானிடைசரை நம்பாதீர்கள், சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். வாந்தி பட்ட தரையை ப்ளீச்சிங் பவுடர் கரைசலால் துடையுங்கள். நின்ற பிறகும் இரண்டு நாள் சமையலறைப் பக்கம் போக வேண்டாம்.

சொட்டு போட்டா குடல் சுருண்டுக்கும்னு கேள்விப்பட்டேன்.

பயம் வருவது நியாயம்தான். ரோட்டாஷீல்டு என்ற பழைய மருந்தை அதனால்தான் அமெரிக்காவில் 1999-ல் நிறுத்தினார்கள். இப்போதுள்ளவற்றில் அது மிக அரிது. சொட்டு போட்ட பிறகு, முக்கியமாக முதல் வாரத்தில், குழந்தை கால்களை மடக்கிக்கொண்டு, விட்டு விட்டு வீறிட்டு அழுதால், மலம் சிவப்பு ஜெல்லி போல் வந்தால், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஊருக்குப் போனதுல ஆறாவது வாரத் தவணை விட்டுப்போச்சு.

பரவாயில்லை. அரசுத் திட்டத்தில் ஒரு வயதுக்குள் முதல் தவணையைத் தொடங்கலாம், அப்புறம் நான்கு வார இடைவெளி. வருகிற புதன்கிழமை போங்கள், தடுப்பூசி அட்டையை மறக்காமல் எடுத்துக்கொண்டு.