துருக்கி காப்பாற்றிய தீவு

கேள்வி: 1974-ல் துருக்கி படை அனுப்பி சைப்ரஸில் தன் இனத்து மக்களைக் காப்பாற்றியது. 1983-ல் இந்தியாவும் இலங்கையில் அப்படி இறங்கியிருந்தால் பிரச்சினை அன்றைக்கே முடிந்திருக்கும். வல்லரசுகள்தான் விடவில்லை. ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது சரிதானே? (ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: ‘முடிந்திருக்கும்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு சொல்லில்தான் எனக்குத் தகராறு. சைப்ரஸில் எது முடிந்தது? 1974 ஜூலையில் இறங்கிய துருக்கிப் படை இன்னும் ஊர் திரும்பவில்லை. தீவின் குறுக்கே 180 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடும் இடைவெளிப் பகுதியில் ஐ.நா. சிப்பாய்கள் இன்றும் ரோந்து போகிறார்கள். தலைநகர் நிகோசியாவின் பழைய விமான நிலையத்தில் அன்று மாட்டிக்கொண்ட பயணிகள் விமானம் ஒன்று கூடாகி அங்கேயே நிற்கிறது. ஃபமகுஸ்தாவின் கடற்கரைப் பேட்டையான வரோஷாவில் ஹோட்டல்கள் வரிசையாக, ஆளில்லாமல், ஜன்னல் இல்லாமல் நிற்கின்றன. 2020-ல் அதில் ஒரு பகுதியைத் துருக்கித் தரப்பு சுற்றிப் பார்க்கத் திறந்துவிட்டது. பிழைப்பு நடத்திய ஊர் இப்போது காட்சிப் பொருள்.

கதையை 1974-ல் தொடங்குவதும் தப்பு. 1878-ல் ஒட்டோமான் சுல்தானிடமிருந்து பிரிட்டன் நிர்வாகத்துக்கு வாங்கிக்கொண்ட தீவு இது. ஐந்தில் நான்கு பங்கு கிரேக்கர்கள், ஐந்தில் ஒன்றுக்கும் சற்றுக் குறைவாகத் துருக்கியர்கள். கிரேக்கர்களில் பெரும்பாலோர் கேட்டது தனி நாடு அல்ல, கிரீஸோடு இணைப்பு. அதற்கு ‘எனோசிஸ்’ என்று பெயர். துருக்கியர் தலைவர்கள் அதற்குப் பதிலாகக் கேட்டது ‘தக்ஸிம்’, அதாவது பிரிவினை. சைப்ரஸ் என்ற நாட்டைக் கேட்டவர்கள் ரொம்பக் குறைவு. ஆனால் கிடைத்தது அதுதான்.

1959-ல் சூரிச்சில் கிரீஸும் துருக்கியும் பேசி முடித்து, லண்டனில் கையெழுத்தாகி, 1960 ஆகஸ்ட் 16 அன்று குடியரசு பிறந்தது. ஜனாதிபதி கிரேக்கர், துணை ஜனாதிபதி துருக்கியர், அவருக்கு முக்கிய விஷயங்களில் ரத்து அதிகாரம், அரசு வேலையில் எழுபதுக்கு முப்பது என்ற கணக்கு. இவற்றுக்கெல்லாம் மேலே பிரிட்டன், கிரீஸ், துருக்கி என்று மூன்று உத்தரவாத நாடுகள். வீட்டுக்கு மூன்று காவல்காரர்கள், மூவரிடமும் தனித்தனிச் சாவி. போகிறபோக்கில் பிரிட்டன் தனக்கென்று 254 சதுர கிலோமீட்டரை எடுத்து வைத்துக்கொண்டது. அக்ரோதிரி, தெகேலியா ஆகிய அந்த இரண்டு ராணுவத் தளங்களும் குத்தகை நிலம் அல்ல, இன்றைக்கும் பிரிட்டிஷ் மண். சைப்ரஸ் விவகாரத்தில் எதையும் இழக்காமல் ஒரு தரப்பு வெளியே வந்தது என்றால் அது இதுதான்.

துருக்கி ஏன் வந்தது என்பதில் உங்களுக்குப் பாதி நியாயம் இருக்கிறது. 1963 நவம்பரில் ஜனாதிபதி மகாரியோஸ் அரசியல் சட்டத்தில் பதின்மூன்று திருத்தங்கள் கேட்டார். கிறிஸ்துமஸ் நேரத்தில் ரத்தம் ஓடியது. துருக்கிய சைப்ரஸ்காரர்கள் ஆயிரக்கணக்கில் வீடுகளை விட்டு, தீவில் மிகச் சிறிய துண்டுகளுக்குள் முடங்கினார்கள். அந்த வாரம்தான் ஒரு பிரிட்டிஷ் தளபதி நிகோசியா வரைபடத்தில் பச்சைப் பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். பச்சைக் கோடு என்ற பெயர் அப்படி வந்தது. இந்தப் பத்து வருடத்தைக் கிரேக்கத் தரப்பு கதை சொல்லும்போது வேகமாகத் தாண்டிவிடும். துருக்கியத் தரப்பு தாண்டிவிடுவது எதைத் தெரியுமா? 1974-ன் ஆகஸ்ட் மாதத்தை.

கேள்வி கேட்கிறவர்கள் பெரும்பாலும் கவனிக்காத இடம் அது. 1974 ஜூலை 15 அன்று கிரீஸின் தலைநகர் ஏதென்ஸிலிருந்த ராணுவ ஆட்சி மகாரியோஸைக் கவிழ்த்து, நிகோஸ் சாம்ப்சன் என்ற துப்பாக்கிப் பேர்வழியை ஜனாதிபதி நாற்காலியில் உட்கார வைத்தது. துருக்கிப் பிரதமர் எஜெவிட் லண்டனுக்கே போய், ‘சேர்ந்து இறங்குவோம்’ என்று கேட்டுப் பார்த்தார். பிரிட்டன் தட்டிக் கழித்தது. ஜூலை 20 அன்று துருக்கி தனியாக இறங்கியது. உத்தரவாத ஒப்பந்தத்தின் நான்காவது பிரிவு தனியாகச் செயல்படவும் இடம் கொடுக்கிறது, ஆனால் 1960-ல் இருந்த நிலையைத் திரும்பக் கொண்டுவர மட்டும்தான். சரி. மூன்றே நாளில் ஏதென்ஸ் ராணுவ ஆட்சி விழுந்தது, சாம்ப்சனும் போய்விட்டார், சட்டப்படியான ஆட்சி திரும்பியது. வந்த காரணம் தீர்ந்துவிட்டது. துருக்கிப் படை அப்போது கைரேனியா கடற்கரையிலிருந்து நிகோசியா வரை ஒரு சிறு துண்டில்தான் நின்றது. அங்கிருந்து கப்பல் ஏறியிருந்தால் இன்று நீங்கள் சொல்லும் ‘காப்பாற்றியது’ என்ற வார்த்தைக்கு நானும் கை தட்டியிருப்பேன்.

ஆகஸ்ட் 14 அன்று ஜெனீவாவில் நடந்த சமாதானப் பேச்சு முறிந்த சில மணி நேரத்தில் இரண்டாவது தாக்குதல். மூன்று நாளில் தீவின் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் துருக்கி கையில். ஏறத்தாழ 1,60,000 கிரேக்க சைப்ரஸ்காரர்கள் தெற்கே ஓடினார்கள். தெற்கிலிருந்த துருக்கியர்கள் பல்லாயிரம் பேர் வடக்கே போனார்கள். இரு பக்கமும் சேர்த்துக் காணாமல் போனவர்கள் பட்டியலில் 2,002 பெயர்கள். எலும்புகளைத் தோண்டி எடுத்து அடையாளம் காணும் வேலை இன்றும் நடக்கிறது.

இப்போது உங்கள் கூத்தாடிக்கு வருவோம். வல்லரசுகள் கொண்டாடின என்று நான் நினைக்கவில்லை. தூக்கம் கெடாமல் இருந்தால் போதும் என்று நினைத்தன. கிரீஸும் துருக்கியும் 1952-லிருந்து நேட்டோவில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அமெரிக்காவின் கவலை, இருவரும் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொள்ளக் கூடாது, சோவியத் ஒன்றியம் அந்த இடைவெளியில் நுழையக் கூடாது, அவ்வளவுதான். 1964-ல் துருக்கி படையெடுக்கக் கிளம்பியபோது ஜனாதிபதி ஜான்சன் துருக்கிப் பிரதமர் இனோனுவுக்கு ஒரு கடிதம் எழுதினார்: நாங்கள் கொடுத்த ஆயுதத்தை இதற்கு எடுக்காதே, ரஷ்யா உன் மேல் பாய்ந்தால் நேட்டோ வரும் என்று நம்பாதே. துருக்கி நின்றது. அந்தக் கடிதத்தின் கசப்பு துருக்கித் தலைநகர் அங்காராவில் பல தலைமுறைக்கு நீடித்தது. பத்து வருடம் கழித்து அப்படி ஒரு கடிதம் போகவில்லை. வாட்டர்கேட் ஊழலில் அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் ஆகஸ்ட் 9 அன்று பதவி விலகினார், ஐந்தாவது நாள் இரண்டாவது தாக்குதல். வெளியுறவு அமைச்சர் கிசிங்கருக்கு ஏதென்ஸை விட அங்காரா கனமாகத் தெரிந்தது. 1975-ல் அமெரிக்க நாடாளுமன்றம் துருக்கிக்கு ஆயுதத் தடை போட்டது, துருக்கி தன் மண்ணிலிருந்த அமெரிக்கத் தளங்களின் வேலையை நிறுத்தியது, 1978-ல் தடை போய்விட்டது. ஆக, வல்லரசு தடுத்ததும் உண்டு, தடுக்காமல் விட்டதும் உண்டு. இரண்டிலும் சைப்ரஸ்காரர்களைப் பற்றிய யோசனை எங்கே இருந்தது என்று பூதக்கண்ணாடி வைத்துத்தான் தேட வேண்டும்.

ரஷ்யா மட்டும் யோக்கியமா? தீவு நேட்டோ கைக்குப் போகக் கூடாது என்பதுதான் மாஸ்கோவின் கொள்கை. 2004-ல் ஐ.நா. பொதுச் செயலாளர் கோபி அன்னானின் திட்டம் வாக்கெடுப்புக்கு வந்தது: இரண்டு பகுதிகள் சேர்ந்த ஒரு கூட்டாட்சி. வாக்கெடுப்புக்கு மூன்று நாள் முன்னால், அதற்குப் பாதுகாப்பு உறுதி தரும் தீர்மானத்தை ஐ.நா. பாதுகாப்பு சபையில் ரஷ்யா ரத்து அதிகாரத்தால் வெட்டியது. ஐரோப்பிய ஒன்றியம் செய்தது இன்னும் வேடிக்கை. வாக்கு எப்படிப் போனாலும் மே 1 அன்று சைப்ரஸ் உறுப்பினர் ஆகிவிடும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டது. பாஸ் சான்றிதழைக் கையில் கொடுத்துவிட்டுப் பரீட்சை வைத்தால் பையன் எழுதுவானா? துருக்கிய சைப்ரஸ்காரர்களில் 65 சதவீதம் ‘சரி’ என்றார்கள். கிரேக்கத் தரப்பில் 76 சதவீதம் ‘வேண்டாம்’. வேண்டாம் என்றவர்கள் உள்ளே போனார்கள், சரி என்றவர்கள் வாசலில் நின்றார்கள். அவர்களோடு நேரடி வர்த்தகம் நடத்துவோம் என்று பிரஸ்ஸல்ஸ் கொடுத்த வாக்கு அப்போதிலிருந்து கோப்பில் தூங்குகிறது.

அந்தத் துருக்கிய சைப்ரஸ்காரர்களின் கதியைத்தான் நீங்கள் முதலில் பார்த்திருக்க வேண்டும். காப்பாற்றப்பட்டவர்கள் அவர்கள்தானே. 1983 நவம்பரில் தனி நாடு அறிவித்தார்கள். ‘செல்லாது’ என்று பாதுகாப்பு சபை சொன்னது. இன்று வரை துருக்கி ஒன்றுதான் அங்கீகரித்திருக்கிறது. வெளிநாட்டுக்கு விமானம் என்றால் துருக்கியில் இறங்கித்தான் போக வேண்டும். கையில் புழங்குவது துருக்கி லிரா, அங்காராவில் பணவீக்கம் என்றால் இவர்கள் அடுப்பில் நெருப்பு. குடிதண்ணீர்கூட 2015-லிருந்து கடலுக்கடியில் குழாய் போட்டுத் துருக்கியிலிருந்து வருகிறது. துருக்கியிலிருந்து குடியேறியவர்கள் பெருகப் பெருக, சொந்த ஊரிலேயே சிறுபான்மை ஆகிவிடுவோமோ என்று பயப்படுகிறார்கள். 2011-ல் அங்காராவின் சிக்கன உத்தரவை எதிர்த்து ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தவர்கள் இவர்கள்தான். அப்புறம் இன்னொன்று: இவர்களில் பல்லாயிரம் பேர் பையில் வைத்திருப்பது, எதிலிருந்து பிரிந்தோம் என்றார்களோ அந்தச் சைப்ரஸ் குடியரசின் பாஸ்போர்ட். ஐரோப்பா போக அதுதான் உதவும்.

இனி என்ன வழி என்று கேட்பீர்கள். மேஜையில் இருப்பது இரண்டுதான்: 1977-லிருந்து பேசிவரும் கூட்டாட்சி, அங்காரா சமீப காலமாகக் கேட்கும் இரண்டு நாடு. மேஜைக்குக் கீழே மூன்றாவது ஒன்று இருக்கிறது, இருப்பது இப்படியே இருக்கட்டும் என்பது. 2017-ல் சுவிட்சர்லாந்தின் கிரான்ஸ் மொந்தானாவில் ரொம்ப நெருங்கி வந்து உடைந்த பேச்சும், படை எப்போது போகும், உத்தரவாத உரிமை யாருக்கு என்ற இடத்தில்தான் உடைந்தது. 1960-ன் சாவிகளை யாரும் திருப்பித் தர மாட்டார்கள். நடுவில் 2011-லிருந்து கடலுக்கடியில் எரிவாயு வேறு கிடைத்து, சமாதானத்துக்கு உதவும் என்றார்கள். யார் கடல் எது என்ற சண்டைக்குத்தான் உதவியது. 2025 அக்டோபரில் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் வடக்கின் மக்கள் கூட்டாட்சி பேசும் துஃபான் எர்ஹூர்மானுக்கு 60 சதவீதத்துக்கும் மேல் வாக்களித்தார்கள். மக்கள் மனது தெரிந்துவிட்டது. அங்காராவின் மனது மாறியதாக எனக்குத் தெரியவில்லை.

இந்தியாவுக்கு வருகிறேன். 1983-ல் இந்தியா கையில் உத்தரவாத ஒப்பந்தம் இல்லை, நான்காவது பிரிவு இல்லை. காஷ்மீரையும் பஞ்சாபையும் வைத்துக்கொண்டு, அடுத்தவர் வீட்டைக் கோடு போட்டுப் பிரிக்கும் முன்னுதாரணத்தை டெல்லி உருவாக்கியிருக்கும் என்று நான் நம்பவில்லை. அதைத் தடுக்க வாஷிங்டன் தேவையே இல்லை. சைப்ரஸ் விஷயத்திலேயே இந்தியா தொடக்கம் முதல் நின்றது பிரிவினைக்கு எதிர்ப் பக்கத்தில். மகாரியோஸும் நேருவும் அணிசேரா இயக்கத்தில் ஒன்றாக உட்கார்ந்தவர்கள். 2025 ஜூனில் மோடி நிகோசியா போனதும், பாகிஸ்தானுக்குத் துருக்கி தோள் கொடுத்த கையோடு. அங்காராவுக்குச் சேதி சொல்லும் பயணம் அது. இந்தியாவும் அந்தத் தீவைத் தன் கணக்குக்குப் பயன்படுத்தத் தெரிந்த நாடுதான், நாம் ஒன்றும் ஒதுங்கி நிற்கும் சாமியார் இல்லை.

ஒரு தகவல், நீங்கள் ரசிப்பீர்கள். சைப்ரஸுக்கு இந்தியத் தளபதிகள் போனது உண்மை, மூன்று பேர் போனார்கள். மூவரும் ஐ.நா.வின் நீலத் தொப்பியோடு. அவர்களில் ஜெனரல் திம்மையா 1965 டிசம்பரில் அங்கேயே இறந்தார், லார்னகாவில் அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. 1974 ஜூலையில் துருக்கிப் படை வந்து இறங்கியபோது ஐ.நா. படைக்குத் தலைமை தாங்கியவர் பிரேம் சந்த். இரு தரப்பும் குறி வைத்த நிகோசியா விமான நிலையத்தை ஐ.நா. பகுதி என்று அறிவித்துப் பிடித்து வைத்துக்கொண்டது அந்தப் படை. அந்த விமான நிலையம் இன்னும் ஐ.நா. கையில்தான் இருக்கிறது. விமானம்தான் வருவதில்லை.