வட அயர்லாந்துக் காவல்துறையின் '50:50' விதி என்றால் என்ன?

புதிதாகக் காவல் பணியில் சேருவோரில் பாதிப் பேர் கத்தோலிக்கர், பாதிப் பேர் மற்றவர்கள் (பெரும்பாலும் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள்) என்ற விதிதான் அது. காவல்துறைச் சீர்திருத்தத்தை ஆராய்ந்த கிறிஸ் பேட்டன் ஆணையம் 1999இல் இதைப் பரிந்துரைத்தது. மக்கள்தொகையில் 40 விழுக்காட்டுக்கு மேல் இருந்த கத்தோலிக்கர், காவல்துறையில் சுமார் 8 விழுக்காடே. சேர்ந்தால் ஆயுதக் குழுக்கள் குறிவைக்கும் என்ற அச்சமும் ஒரு காரணம். ஊர்ப் பஞ்சாயத்தில் ஒரே தெருக்காரர்கள் மட்டும் உட்கார்ந்தால், தீர்ப்பு நியாயமாகவே இருந்தாலும் அடுத்த தெரு நம்பாது அல்லவா? 2011இல் விதி முடிந்தபோது கத்தோலிக்கர் ஏறத்தாழ 30 விழுக்காடு. தகுதியைத் தளர்த்தினார்கள் என்பது தவறு. தேர்வில் தேறியவர்களின் பட்டியலிலிருந்துதான் இரு தரப்பையும் சமமாக எடுத்தார்கள்.