வாசகர் கேள்வி – பதில்: பாண் புத்தகம் வாங்கும்போது எந்தப் பக்கத்தைப் பார்ப்பது?

கேள்வி: வீட்டில் பாண் போடப் பழகுவதற்கு ஒரு புத்தகம் வாங்கி அனுப்புகிறேன் என்று கனடாவில் இருக்கும் அண்ணா சொல்கிறார். கடையில் எதைப் பார்த்து எடுக்கச் சொல்வது?
– வாசகி, கிளிநொச்சி

பதில்: அட்டைப் படத்தை விட்டுவிட்டு, நடுவில் ஏதாவது ஒரு செய்முறையைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். மாவின் அளவு கோப்பைக் கணக்கில் மட்டும் இருந்தால் அந்தப் புத்தகத்தை வாங்க வேண்டாம். கரண்டியால் மெதுவாக இட்ட ஒரு கோப்பை மா 120 கிராம் அளவில் இருக்கும். மாப் பைக்குள் கோப்பையை விட்டு அள்ளினால் அதே கோப்பை 150 கிராமைத் தொடும். மூன்று கோப்பைக்கு 90 கிராம் வித்தியாசம் வந்துவிடுகிறது. தண்ணீர் கூடாமல் மா மட்டும் அவ்வளவு கூடினால் பாண் கட்டையாகத்தான் வரும். அது உங்கள் கைப்பிழை அல்ல.

கிராம் கணக்கு இருந்தால், நூற்றுவீதமும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நல்ல புத்தகம் மாவை 100 என்று வைத்து மற்றவற்றை அதன் வீதமாக எழுதும்: தண்ணீர் 65, உப்பு 2, உடனடி ஈஸ்ட் 1. எல்லாம் கூட்டினால் 168. ஒரு றாத்தல் பாண் 450 கிராம். வேகும்போது பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாக நீர் ஆவியாகிப் போகும் என்பதால் 504 கிராம் குழைத்த மா வேண்டும். 504ஐ 168ஆல் வகுத்தால் 3. ஆகவே மா 300 கிராம், தண்ணீர் 195, உப்பு 6, ஈஸ்ட் 3. நாளைக்கு இரண்டு றாத்தல் வேண்டுமென்றால் எல்லாவற்றையும் இரட்டித்தால் போதும்.

நமது வெக்கைக்கு இவை இரண்டையும் விட முக்கியமானது, குழைத்த மா எத்தனை பாகையில் இருக்க வேண்டும் என்று புத்தகம் சொல்கிறதா என்பது. 26 பாகை செல்சியஸ் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 26ஐ மூன்றால் பெருக்கினால் 78. அதில் அடுப்படியின் வெப்பம் 33, மாவின் வெப்பம் 32, கையால் குழைக்கும்போது ஏறும் சூடு 3, மூன்றையும் கழித்தால் மிச்சம் 10. ஊற்றும் தண்ணீர் 10 பாகையில் இருக்க வேண்டும், அதாவது பிரிட்ஜில் வைத்த தண்ணீர். "இளஞ்சூடான நீர் விடுக" என்று மட்டும் எழுதியிருக்கும் புத்தகம் குளிர் நாட்டு அடுப்படிக்கு எழுதப்பட்டது. சோளகம் வீசும் மாதங்களில் அதை அப்படியே பின்பற்றினால் உருட்டி முடிப்பதற்குள் மா பொங்கித் தளர்ந்துவிடும்.

இந்த மூன்றும் ஜெஃப்ரி ஹாமெல்மனின் 'பிரெட்' நூலில் இருக்கின்றன. 2004இல் முதலில் வந்தது, மூன்றாம் பதிப்பு 2021. வெதுப்பகக்காரருக்காக எழுதியது என்பதால் முதல் அத்தியாயங்கள் கொஞ்சம் பாரம். ஆனாலும் ஒன்றே ஒன்றுதான் வாங்கலாம் என்றால் எங்கள் தெரிவு அதுதான்.

இன்னொன்று. கனடாவின் சாதாரண மாவில் புரதம் கூட, அது அதிகம் தண்ணீர் குடிக்கும். அந்த நாட்டுச் செய்முறையை இங்கே செய்யும்போது தண்ணீரில் 30 கிராமைப் பிடித்து வைத்து, மா கேட்டால் மட்டும் விடுங்கள். கடையில் நிறுத்துத் தரும் மாவின் பலம் தெரிய ஒரு சோதனை இருக்கிறது. 100 கிராம் மாவை 60 கிராம் தண்ணீரில் குழைத்து அரை மணி நேரம் விட்டு, பாத்திரத் தண்ணீருக்குள் பிசைந்து பிசைந்து கழுவுங்கள். வெள்ளைத் தண்ணீர் தெளிந்ததும் கையில் றப்பர் போல ஒரு கட்டி மிஞ்சும். அதைப் பிழிந்து நிறுங்கள். 30 கிராமும் மேலும் என்றால் பாணுக்கு நல்ல மா. 25 அளவில் நின்றால் தண்ணீரை 60 வீதத்துக்குக் குறையுங்கள்.

கேள்வி: கென் ஃபோர்கிஷின் 'ஃபிளவர் வாட்டர் சால்ட் யீஸ்ட்' புத்தகத்தில் உள்ள இரவுப் பாணைச் செய்தேன். விடிய எழும்பிப் பார்த்தால் மா சட்டியால் வழிந்து புளிச்ச மணம். ஓவனில் தட்டையாகிப் போனது. புத்தகம் பிழையா?
– வாசகர், முல்லைத்தீவு

பதில்: புத்தகம் சரி. அது நினைக்கிற அறை வேறு. 1000 கிராம் மாவுக்கு 0.8 கிராம் ஈஸ்டும் 12 மணி நேரத்துக்கு மேற்பட்ட பொங்கலும் 21 பாகை அறைக்கான கணக்கு. 8, 10 பாகை ஏறினால் ஈஸ்டின் வேகம் கிட்டத்தட்ட இரட்டிக்கும். உங்கள் மா நள்ளிரவு கடந்ததுமே பொங்கி முடித்திருக்கும். அதன்பின் மாவின் பசைவலை அறுந்து காற்றைப் பிடித்து வைக்க முடியாமல் போகிறது. ஓவனில் தட்டையானது அதனால்தான்.

ஈஸ்டைப் பாதியாக்குங்கள், தண்ணீரைக் குளிராக விடுங்கள். 0.4 கிராமைச் சமையல் தராசு காட்டாது. ஒரு தேக்கரண்டி உடனடி ஈஸ்ட் ஏறக்குறைய 3 கிராம். அதை 300 மில்லிலீற்றர் தண்ணீரில் கரைத்துக் கலக்கி, உடனே 40 மில்லிலீற்றர் எடுத்தால் 0.4 கிராம் கிடைக்கும். செய்முறைத் தண்ணீரில் அந்த 40ஐக் குறைக்க மறக்க வேண்டாம். மாவை நேர்ச்சுவர் உள்ள போத்தலில் இட்டு, அதன் மட்டத்தில் றப்பர் வளையம் ஒன்றைப் போடுங்கள். மணிக்கூட்டைப் பார்க்காமல் வளையத்தைப் பாருங்கள். இரவில் எழும்ப முடியாதென்றால், குழைத்து ஒன்றரை மணி நேரத்தில் பிரிட்ஜில் வைத்துவிட்டு விடிய எடுத்து உருட்டலாம்.

கேள்வி: அவுஸ்திரேலியாவில் இருந்து வந்த புத்தகத்தின்படி செய்தால் உப்புக் குறைகிறது. ஏன்?
– வாசகி, வவுனியா

பதில்: அந்த நாட்டு மேசைக்கரண்டி 20 மில்லிலீற்றர், அதாவது நான்கு தேக்கரண்டி. உங்களிடம் இருப்பது 15 மில்லிலீற்றர் கரண்டியாக இருக்கும். மாவின் நிறையில் 2 வீதம் உப்பை நிறுத்துப் போடுங்கள், கரண்டியே வேண்டாம்.

கேள்வி: ஓவன் இல்லை. விறகடுப்பும் காஸ் அடுப்பும்தான். எந்தப் புத்தகம் உதவும்?
– வாசகர், மாங்குளம்

பதில்: மூடிய சட்டியில் சுடும் முறையைச் சொல்லும் புத்தகம். குழைக்காமல் செய்யும் ஜிம் லேஹியின் பாண் 2006இல் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையில் வந்து பெயர் பெற்றது. அவருடைய நூல் 2009இல் வந்தது. மாவில் இருந்து எழும் நீராவி சட்டிக்குள்ளேயே நிற்பதால் மேற்பட்டை உடனே இறுகாது, பாண் நன்றாக எழும்பும். ஆனால் அவர் அந்தச் சட்டியை ஓவனுக்குள் வைக்கிறார். காஸ் அடுப்பில் சூடு கீழிருந்து மட்டுமே வருவதால் அடி கருகும், மேற்புறம் வெளிறி நிற்கும். விறகடுப்பே உங்களுக்கு வசதி. அடி கனத்த இரும்புச் சட்டிக்கு இரும்பு மூடி போட்டு, சிரட்டைத் தணலில் மூன்றில் இரண்டு பங்கை மூடியின் மேலும் ஒரு பங்கைக் கீழும் வையுங்கள். பாணின் நடுவில் வெப்பமானியைக் குத்திப் பார்க்கும்போது 93 பாகைக்கு மேல் காட்டினால் வெந்துவிட்டது. எடுத்தவுடன் வெட்டினால் உள்ளே பிசுபிசுக்கும். ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள்.