லொத்தர் பணத்தில் கால் பங்கை முதுமை ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: எனக்கு 36 வயது. கொட்டாஞ்சேனையில் இருக்கிறோம், புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு வேலை. தினமும் ஐந்து லொத்தர் சீட்டு எடுப்பேன். போன மாதம் ஒன்று விழுந்து, வரி போக 42 இலட்சம் கைக்கு வந்தது. அப்பாவுக்கு மறதி நோய். அதனால் முதுமையைத் தடுக்கும் ஆராய்ச்சிக்கு இதில் கால் பங்கையும், இனி விழும் ஒவ்வொரு பரிசிலும் கால் பங்கையும் கொடுப்பதென்று முடிவெடுத்திருக்கிறேன். மனைவிக்குச் சம்மதமில்லை. நகை அடகு 6 இலட்சம், கடனட்டை மூன்றரை, மோட்டார் சைக்கிள் லீசிங் 4 இலட்சம் இருக்கிறது. முதுமையைத் தள்ளிப்போடும் கெப்சூல் இறக்குமதி செய்யும் நண்பர் ஒருவர் 3 இலட்சம் போடச் சொல்கிறார். அதையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாமா?

பதில்: கொடுக்கலாம் தம்பி, ஆனால் 42இல் கால் பங்கு இல்லை. அந்த 42 இலட்சம் முழுவதும் உங்களுடையது இல்லை, அதில் பதின்மூன்றரை இலட்சம் ஏற்கெனவே மற்றவர்களுடையது. முதலில் கடனட்டைக் கடனை அடைத்துவிடுங்கள், வட்டி அங்கேதான் கொடுமை. அப்புறம் நகையை மீட்டுக்கொண்டு வந்து மனைவியின் கையில் கொடுங்கள், மற்றப் பேச்சை அதற்குப் பிறகு தொடங்கினால் நல்லது. லீசிங்கை முன்கூட்டி முடிக்க எவ்வளவு கழிப்பார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள், பெரிதாக இலாபமில்லை என்றால் அது பாட்டுக்கு ஓடட்டும், ஆனால் அந்த 4 இலட்சத்தைத் தொடாதீர்கள்.

மிச்சம் இருபத்தெட்டரை. வீட்டுச் செலவு மாதம் ஒன்றரை இலட்சம் என்று வைத்தால் ஆறு மாதத்துக்கு 9 இலட்சம் ஒதுக்க வேண்டும். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபோது கையில் காசில்லாதவர்கள் பட்ட பாட்டை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, அப்பாவின் மருந்துச் செலவு வேறு இருக்கிறது. ஆகப் பத்தொன்பதரை இலட்சம்தான் நீங்கள் சுதந்திரமாகக் கை வைக்கக்கூடிய பணம். அதில் பத்தில் ஒன்று, கிட்டத்தட்ட 2 இலட்சம், கொடுங்கள். மீதியை நிலையான வைப்பில் போடும்போது இரண்டு வங்கிகளாகப் பிரியுங்கள், வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு ஒரு வங்கியில் 11 இலட்சம் வரைதான்.

ஆராய்ச்சிக்குக் கொடுப்பது வீண் என்று நான் நினைக்கவில்லை. 2009இல் அமெரிக்காவில் 600 நாள் வயதான எலிகளுக்கு, அதாவது மனிதக் கணக்கில் ஏறக்குறைய அறுபதைத் தொட்டவற்றுக்கு, ரபமைசின் என்ற மருந்தைக் கொடுத்தபோது அவற்றின் ஆயுள் பெண் எலிகளில் 14 சதவீதமும் ஆண் எலிகளில் 9 சதவீதமும் கூடியது. மனிதர்களில் பெரிதாகச் சோதிப்பதற்குத்தான் போதிய காசு இல்லை. சீனி வருத்தத்துக்கு நம் வீடுகளில் குடிக்கிற மெட்போமின் குளிசையையே எடுங்கள், அது முதுமை நோய்களைத் தள்ளிப்போடுமா என்று 65 முதல் 79 வயது வரையான 3,000 பேரில் ஆறு வருடம் பார்க்க அமெரிக்காவில் திட்டம் போட்டு வருடக்கணக்காகிறது, ஆனால் மலிவான பழைய மருந்தில் எந்தக் கம்பனிக்கு அக்கறை? நன்கொடைக்கு வேலை இருப்பது இப்படியான இடத்தில்தான். ஆனால் உங்கள் அப்பாவுக்கு இதனால் எதுவும் கிடைக்கும் என்று எண்ணிக் கொடுக்காதீர்கள்.

யாருக்குக் கொடுப்பது? இந்தத் துறையில் பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கும். பிரபலமாக இருந்த சென்ஸ் ஆராய்ச்சி அறக்கட்டளையிலிருந்து, அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஆப்ரி டி கிரே 2021இல் விலக்கப்பட்டார், அடுத்த வருடமே வேறொரு அறக்கட்டளை தொடங்கினார், பழையது 2024இல் இன்னொன்றோடு இணைந்து பெயரையும் மாற்றிக்கொண்டது. ஆகவே பத்து வருட வாக்குறுதி எல்லாம் வேண்டாம், ஒரே தடவை கொடுங்கள். அமெரிக்கத் தர்ம ஸ்தாபனங்கள் வருடந்தோறும் படிவம் 990 தாக்கல் செய்யும், அது யாரும் பார்க்கக்கூடியது. ஆய்வுக்கு எவ்வளவு, சம்பளத்துக்கு எவ்வளவு என்று அதில் தெரியும், கணக்கு வேலை செய்கிற உங்களுக்கு அதைப் படிக்க அரை மணித்தியாலம் போதும். அனுப்பும்போது மாதம் மாதம் துண்டு துண்டாக வேண்டாம், ஒவ்வொரு தடவையும் வங்கிக் கட்டணம் போகும். டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் உங்கள் 2 இலட்சம் சுமார் 660 டொலர், அதில் இடைவங்கிகள் வேறு கடித்துக்கொள்ளும். படிவத்தில் கட்டணம் யார் பொறுப்பு என்ற இடத்தில் முழுவதும் அனுப்புபவர் என்று குறித்தால் சொன்ன தொகை பெரும்பாலும் அப்படியே போய்ச் சேரும். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள், பரிசுக் கடிதத்தின் பிரதியைக் கொண்டு போங்கள். வரிச் சலுகையை எதிர்பார்க்காதீர்கள், இங்கே அங்கீகரிக்கப்பட்ட தர்ம ஸ்தாபனத்துக்குக் கொடுத்தாலே தனியாளுக்கு வருடத்தில் 75,000 ரூபாய்தான் உச்சம், வெளிநாட்டுக்குப் போவது அதிலும் சேராது.

இனி அந்த "விழும் பரிசில் எல்லாம் கால் பங்கு" விஷயம். 2014இல் போக்கர் என்ற பணம் வைத்து ஆடும் சீட்டாட்டத்தின் ஆட்டக்காரர்கள் சிலர் வென்ற பணத்தில் 2 சதவீதமாவது நன்கொடையாகக் கொடுப்பது என்று ஓர் அமைப்பே தொடங்கினார்கள். அவர்களுக்கு அது தொழில், வரவும் இழப்பும் கொப்பியில் இருக்கும். உங்களுடையது அப்படியா? சீட்டு ஒன்று 40 ரூபாய், ஐந்துக்கு 200, வருடத்துக்கு 73,000. விழுந்த நாள் ஞாபகமிருக்கும், விழாத நாட்களை யார் எழுதி வைத்தார்கள்? இப்படி ஒரு நேர்த்தி வைத்தால் சீட்டு எடுப்பதற்கு ஒரு புண்ணியக் காரணமும் கிடைத்துவிடும், எனக்குப் பயம் அதுதான். சீட்டை விட்டுவிட்டு அந்த 73,000ஐ வருடத்தில் ஒரு தடவை அனுப்புங்கள். உங்கள் ஆராய்ச்சிக்கு நிச்சயமாகப் போய்ச்சேரும் பணம் அதுதான், மனைவியும் இதற்கு மறுப்புச் சொல்வார் என்று நான் நினைக்கவில்லை.

நண்பரின் கெப்சூல் நன்கொடை இல்லை, வியாபாரம். பதிவுப் பத்திரமும் இரண்டு வருடக் கணக்கும் காட்டச் சொல்லுங்கள். காட்டினாலும், அதில் போட்ட 3 இலட்சம் திரும்பி வராவிட்டால் உங்கள் வீடு தாங்குமா என்பதை மனைவியோடு பேசிய பிறகு பதில் சொல்லுங்கள்.