வல்லூறு கூட்டில் தாயைக் காணோம், கைவிட்டுவிட்டதா?

கைவிட்டிருக்காது. ஒரு மாதத்துக்கு மேல் அடைகாத்த பெண் வல்லூறு இரண்டு நாளாகப் பூங்கா மரத்துக் கூட்டில் இல்லை என்கிறீர்கள். அதற்குள் முட்டை பொரிந்திருக்க வேண்டும்.  குஞ்சுகள் கொஞ்சம் வளர்ந்ததும் தாய் கூட்டில் உட்காராமல் பக்கத்துக் கிளையில் இலைமறைவில் காவல் இருக்கும்.

மரத்தடியைப் பாருங்கள். குஞ்சுகள் பின்பக்கத்தைக் கூட்டின் விளிம்புக்கு நீட்டி எச்சத்தைப் பீய்ச்சும். தரையில் புதிதாக வெள்ளைத் தெறிப்பு இருந்தால் கவலை வேண்டாம். அப்புறம், நடைப்பயிற்சிக் கூட்டம் சேருமுன் விடியற்காலையில் போய் நில்லுங்கள். ஓணானோ அணிலோ பிடித்துவரும் ஆண் கூப்பிட்டதும் தாய் வெளியே வரும். ஆண் சற்றுச் சிறியது, கண் நல்ல சிவப்பு.

பார்த்ததும் விலகிவிடுங்கள். பத்துப் பேர் அண்ணாந்து நின்றால் காக்கைக்கும் விஷயம் தெரிந்துவிடும்! பூங்காவில் மனிதரைவிடக் காக்கைதான் கூட்டுக்குப் பெரிய தொல்லை. எச்சம் காய்ந்து பழசாக இருந்து, இரண்டு நாள் விடியற்காலையிலும் எந்தப் பறவையும் வரவில்லை என்றால் என் கணிப்பு தவறாக இருக்கலாம். அப்போதும் மரத்தில் ஆளை ஏற்றாதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள்.