இறுதிச் சடங்கில் இழிவான அட்டை பிடிப்பதும் பேச்சுரிமையா?

அமெரிக்காவில் பெரும்பாலும் ஆமாம். கேட்கவே வயிறு எரியும். ஆனால் 2011-ல் ஸ்னைடர் எதிர் ஃபெல்ப்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்று அப்படித்தான் தீர்ப்பளித்தது.

ஈராக்கில் இறந்த ஒரு மரைன் (அமெரிக்கப் படைப்பிரிவு) வீரரின் இறுதிச் சடங்கு 2006 மார்ச்சில் மேரிலாந்தில் நடந்தது. தன்பாலீர்ப்பைச் சகிக்கும் நாட்டைக் கடவுள் தண்டிக்கிறார் என்று சொல்லித் திரியும் வெஸ்ட்பரோ பாப்டிஸ்ட் சர்ச்சிலிருந்து ஏழு பேர், ‘வீரர்கள் செத்ததற்குக் கடவுளுக்கு நன்றி’ என்பது போன்ற அட்டைகளோடு வந்து நின்றார்கள். வெந்த புண்ணில் வேல்தான், வேறென்ன!

வீரரின் தந்தை ஸ்னைடர், சர்ச்சின் தலைவர் ஃபெல்ப்ஸ் மேல் வழக்குப் போட்டார். ஜூரி 1.09 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது. மேல்முறையீட்டில் ஒரு காசும் நிற்கவில்லை. ஏன்? சர்ச் ஆட்கள் நின்றது பொது இடத்தில், போலீஸ் காட்டிய இடத்தில், சுமார் 1,000 அடி தள்ளி. வண்டியில் போன தந்தைக்கு அட்டைகளின் மேல்முனைதான் தெரிந்தது. எழுதியிருந்ததை அன்றிரவு டிவி செய்தியில்தான் பார்த்தார். பேசியதும் பொது விஷயம் என்றது நீதிமன்றம். துக்கத்தில் இருக்கும் குடும்பத்தைக் குதறுவது விவாதமாகாது என்று மறுத்த ஒரே நீதிபதி அலிட்டோ. என் மனசு அவர் பக்கம்தான்.

சரி, வரம்பே இல்லையா? உண்டு. கருத்தைத் தடுக்க முடியாது. நேரத்தையும் தூரத்தையும் கட்டுப்படுத்தலாம். 2012 சட்டப்படி, ராணுவ இறுதிச் சடங்குக்கு 2 மணி நேரம் முன்னும் பின்னும் 300 அடிக்குள் இடையூறு செய்யக் கூடாது.