குவார்ட்ஸ்: பூமியில் விளைந்ததா, கலனில் வளர்ந்ததா?

கேள்வி: கோயில் வாசல் கடையில் ஸ்படிக மாலை வாங்கினேன். இருட்டில் இரண்டு மணிகளை உரசினால் வெளிச்சம் வருகிறது. அப்படியென்றால் அசல்தானே?

ஸ்படிகம் என்பது நிறமில்லாத, தெளிந்த குவார்ட்ஸ் என்ற கனிமம். உரசினால் குவார்ட்ஸ் மின்னும் என்பது உண்மை. ஆனால் ஆய்வகத்தில் வளர்த்த குவார்ட்ஸும் அப்படியே மின்னும். கண்ணாடியை அழுத்தி உரசினாலும் சில சமயம் ஒளி தெரியும். இதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, மணிகளில் கீறல் விழுவதுதான் மிச்சம். தண்ணீரில் போட்டால் ஸ்படிகம் மறைந்துவிடும் என்பதையும் நம்பாதீர்கள். ஒளி உள்ளே நுழையும்போது எவ்வளவு வளைகிறது என்பதைக் காட்டுவது ஒளிவிலகல் எண். அது தண்ணீருக்கு 1.33, சாதாரணக் கண்ணாடிக்கு ஏறக்குறைய 1.52, குவார்ட்ஸுக்கு 1.544 முதல் 1.553 வரை. கண்ணாடியும் குவார்ட்ஸும் இவ்வளவு நெருங்கி இருக்கும்போது தண்ணீர் எப்படி அவற்றைப் பிரித்துக் காட்டும்?

வீட்டிலேயே செய்யக்கூடிய நல்ல சோதனை ஒன்று உண்டு. மடிக்கணினித் திரையை வெள்ளையாக வையுங்கள். போலரைஸ்டு கூலிங் கிளாஸ் ஒன்றைத் திரைக்கு முன் பிடித்து, திரை கறுத்துப்போகும் வரை திருப்புங்கள். இப்போது திரைக்கும் கூலிங் கிளாஸுக்கும் நடுவில் மணியைப் பிடித்து மெல்ல உருட்டுங்கள். குவார்ட்ஸ் என்றால் கறுப்பின் நடுவே மணி பளிச்சென்று தெரியும், வானவில் நிறங்களும் வரும். கண்ணாடி என்றால் இருட்டாகவே இருக்கும். சில சமயம் மங்கலான நிழல் தெரியலாம். குவார்ட்ஸ் ஒளியை இரண்டாகப் பிரிக்கும், கண்ணாடி பிரிக்காது. அதுதான் காரணம்.

"இதுவும் குவார்ட்ஸ்தான், உருக்கி வார்த்தது" என்று கடைக்காரர் சொல்லக்கூடும். குவார்ட்ஸை உருக்கிவிட்டால் அதன் படிக அமைப்பு போய்விடும், மிஞ்சுவது கண்ணாடிதான். அடர்த்தியே 2.65-இலிருந்து 2.20-க்கு இறங்கிவிடும். அதை ஸ்படிக விலைக்கு விற்பது ஏமாற்று.

கேள்வி: என் கம்மலில் உள்ள செவ்வந்திக்கல் இயற்கையானதா, செயற்கையா? எப்படிக் கண்டுபிடிப்பது?

செவ்வந்திக்கல் என்பது ஊதா நிறக் குவார்ட்ஸ். இதுதான் இருப்பதிலேயே கடினமான கேள்வி. செயற்கைக் குவார்ட்ஸ் போலி அல்ல. அதே சிலிக்கன் டை ஆக்சைடு (சிலிக்கா), மோஸ் அளவில் அதே கடினம் 7, அதே ஒளிவிலகல், அதே அடர்த்தி. மேலே சொன்ன திரைச் சோதனையில் அதுவும் தேறிவிடும். தடித்த எஃகு அழுத்தக் கலனின் அடியில் குவார்ட்ஸ் துண்டுகளைப் போட்டு, காரக் கரைசலை நிரப்பி, மேலே மெல்லிய விதைத் தகடுகளைத் தொங்கவிடுவார்கள். ஏறக்குறைய 350 முதல் 400 டிகிரி வெப்பம், ஆயிரம் வளிமண்டலத்துக்கும் மேல் அழுத்தம். அடியில் கரையும் சிலிக்கா, கொஞ்சம் குளிர்ந்த மேல்பகுதியில் தகட்டின் மேல் படியும். நாளுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராது. செவ்வந்தி நிறம் வேண்டுமென்றால் இரும்பைச் சேர்த்து வளர்த்து, பிறகு கதிர்வீச்சு கொடுப்பார்கள். பூமியிலும் இரும்பும் கதிர்வீச்சும்தான் அந்த நிறத்தைத் தருகின்றன. இத்தாலியின் டூரின் நகரில் ஜார்ஜோ ஸ்பெட்சியா இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இப்படிக் குவார்ட்ஸ் வளர்த்துக் காட்டினார். இன்று கைக்கடிகாரத்துக்குள் நொடிக்கு 32,768 முறை அதிரும் படிகமும் இப்படி வளர்த்ததுதான்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? பத்து மடங்கு லென்ஸில் கல்லின் உள்ளே பாருங்கள். திரவமும் குமிழியும் சேர்ந்து அடைபட்ட சிறு பொந்துகள், வரிக்குதிரைக் கோடு போன்ற தழும்புகள், ஊசி போன்ற வேறு கனிமங்கள் இருந்தால் இயற்கை என்று நம்ப நல்ல காரணம் இருக்கிறது. நிறம் கோணம் கோணமாக, பட்டை பட்டையாகப் பிரிந்திருப்பதும் நல்ல அறிகுறி. ரொட்டித் துகள் தூவியது போன்ற புள்ளிகளோ, விதைத் தகட்டின் தட்டையான தடமோ தெரிந்தால் அது வளர்த்த கல். ஆனால் கம்மலில் வைக்கும் சிறு கற்கள் பெரும்பாலும் உள்ளே ஒன்றுமே இல்லாமல் சுத்தமாக இருக்கும். அங்கே லென்ஸ் கைகொடுக்காது. ஆய்வகத்தில் இரட்டைப் படிக அமைப்பையும் (இரண்டு படிகங்கள் பிணைந்து வளர்ந்திருப்பது, இயற்கைச் செவ்வந்திக்கல்லில் பெரும்பாலும் இருக்கும்) அகச்சிவப்பு நிறமாலையையும் (கல் எந்த அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சுகிறது என்ற பதிவு) சேர்த்துப் பார்ப்பார்கள். இரட்டைப் படிகமாக வளர்த்த செயற்கைக் கற்களும் இருப்பதால் ஒன்றை மட்டும் நம்ப முடியாது. ஒரு சிறு கல்லுக்கு இந்தப் பரிசோதனைச் செலவு கல் விலையைத் தாண்டிவிடும். அதனால் நான் சொல்வது இதுதான்: கம்மல் பிடித்திருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். சான்றிதழ் இல்லாத சிறு கல்லுக்கு "இயற்கை" என்ற சொல்லை நம்பிக் கூடுதல் பணம் மட்டும் தராதீர்கள்.

கேள்வி: ஜோசியர் புஷ்பராகம் போடச் சொன்னார். வாங்கிய கல் சிட்ரின் என்று ஒருவர் சொல்கிறார். எது சரி?

புஷ்பராகம் என்பது மஞ்சள் நிறச் சஃபையர், சிட்ரின் என்பது மஞ்சள் நிறக் குவார்ட்ஸ். நகையில் பதிக்காத கல் என்றால் நீங்களே பார்த்துவிடலாம். 0.01 கிராம் வரை காட்டும் தராசு போதும். கல்லின் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தராசில் ஒரு கிண்ணம் தண்ணீரை வைத்து அளவைப் பூஜ்யமாக்கி, கல்லை மெல்லிய நூலில் கட்டி, அடியில் படாமல் முழுக்க முக்குங்கள். எவ்வளவு ஏறுகிறதோ அதால் கல்லின் எடையை வகுங்கள். கிடைப்பது கல்லின் அடர்த்தி. 4-ஐ ஒட்டி வந்தால் புஷ்பராகம், 3.5 என்றால் டோபாஸ், 2.65 என்றால் குவார்ட்ஸ். 2 கிராம் கல் என்றால் புஷ்பராகத்துக்கு 0.50 ஏறும், சிட்ரினுக்கு 0.75. செயற்கைப் புஷ்பராகமும் 4-தான் காட்டும், அதற்குச் சான்றிதழ் கேளுங்கள்.

இன்னொன்று, சந்தையில் உள்ள சிட்ரினில் பெரும்பகுதி செவ்வந்திக்கல்லைச் சூடேற்றி மஞ்சளாக்கியது. இயற்கைச் சிட்ரின் பெரும்பாலும் வெளிறிய, லேசாகப் புகை படிந்த மஞ்சள். அடியில் வெள்ளையும் நுனியில் ஆரஞ்சுமாக விற்கும் கொத்துகள் சூடேற்றியவை.

கேள்வி: ஜன்னலோரம் வைத்த செவ்வந்திக்கல் கொத்து வெளுத்துவிட்டது. போலியா?

இல்லை. இயற்கையான செவ்வந்திக்கல்லும் நாள்பட்ட வெயிலில் வெளுக்கும். நிழலுக்கு மாற்றுங்கள்.

கேள்வி: அடர்நீல குவார்ட்ஸ், செர்ரி குவார்ட்ஸ் என்று இணையத்தில் விற்கிறார்களே?

கண்ணாடி போல் தெளிந்து, கோபால்ட் நீலத்தில் இருக்கும் குவார்ட்ஸ் இயற்கையில் கிடையாது, அது வளர்த்தது. செர்ரி குவார்ட்ஸ் என்று வருவது பெரும்பாலும் நிறம் சேர்த்த கண்ணாடி. மினுமினுக்கும் பழுப்பு கோல்ட்ஸ்டோனும் கண்ணாடிதான்.

கேள்வி: சமையல் மேடைக்கு கிரானைட்டா, குவார்ட்ஸா?

குவார்ட்ஸ் பலகை என்பது அறுத்தெடுத்த கல் அல்ல. ஏறக்குறைய 90 சதவீதம் குவார்ட்ஸ் தூளும் ரெசின் என்ற செயற்கைப் பிசினும் சேர்த்து இறுக்கியது. எளிதில் கறை ஏறாது, ஆனால் அடுப்பிலிருந்து இறக்கிய குக்கரை நேராக வைக்கக் கூடாது. எனக்கு இதில் பெரிய கவலை அறுப்பவரைப் பற்றியது. அந்தத் தூசி நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் நோயைத் தருகிறது. ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இந்தப் பலகையைத் தடையே செய்துவிட்டது. எந்தக் கல்லை வாங்கினாலும், உங்கள் வீட்டில் உலர்ந்த கல்லை இயந்திரத்தால் அறுக்க விடாதீர்கள். தண்ணீர் விட்டுத்தான் அறுக்க வேண்டும், அறுப்பவருக்கு நல்ல சுவாசக் கவசமும் வேண்டும்.

கேள்வி: எங்கள் காட்டில் வெங்கச்சாங்கல் நிறையக் கிடக்கிறது. விலை போகுமா?

வெங்கச்சாங்கல்லும் குவார்ட்ஸ்தான். நுண்ணிய பிளவுகளும் திரவத் துளிகளும் நிறைந்திருப்பதால் பால் போல் வெளுத்துத் தெரிகிறது. நகைக்கு அது உதவாது. தெளிந்த துண்டு கிடைத்தால் கதை வேறு: தஞ்சாவூர் பக்கம் வல்லத்தில் கிடைத்த தெளிந்த கல்லில் ஒரு காலத்தில் மூக்குக்கண்ணாடி வில்லையே தேய்த்தார்கள். ஈரோடு பக்கம் கொடுமணல் அகழாய்வில் ஸ்படிகம், செவ்வந்திக்கல், சூதுபவளம் எல்லாம் மணிகளாகக் கிடைத்திருக்கின்றன. ஆறு பக்கமும் கூர்முனையுமாகப் படிகம் ஏதாவது தென்பட்டால், உடைக்காமல், எண்ணெய் தடவாமல், பக்கத்தில் ஒரு நாணயம் வைத்துப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்புங்கள்.